விதை காத்த ஊருக்கு உரிய பங்கு

கமக்காரர்களே,

‘ரத்து ஹீனெட்டி’ நம் நாட்டுக் கமக்காரர் தலைமுறைதோறும் காத்து வந்த நெல்லினம். கபில நிறத் தத்தியை எதிர்க்கும் ஆற்றல் அதற்குண்டு. அவ்வாற்றலைத் தரும் பரம்பரையலகைப் பிறநாட்டு ஆராய்ச்சியாளரும் தம் புதிய இனங்களிற் சேர்த்துள்ளனர். இத்தகைய பயனில் விதையைக் காத்தவருக்கும் பங்கு உண்டல்லவா?

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பயிரினப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இதற்கு வழிசெய்கின்றது. அங்கு உழவர் தம் இனத்தைப் பதிவு செய்யலாம். அதிலிருந்து பிறர் புதிய இனம் உருவாக்கினால், காத்த சமூகம் ஈடு கோரலாம். பல்லினங்களைப் பேணும் சமூகங்களுக்கு 10 இலட்சம் இந்திய ரூபா விருதும் உண்டு. 2013ஆம் ஆண்டு இலங்கையும் சேர்ந்த அனைத்துலகத் தாவர வள உடன்படிக்கை உழவர் உரிமையை ஏற்கின்றது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அரசுகளுடையது.

எந்த நாட்டிலும் உரிமை கோரச் சான்று வேண்டும். ஆகவே பூனாகலையிலும் சூழவுள்ள ஊர்களிலும் உள்ளோர் செய்யவேண்டியவை:

1. பழைய நெல், அவரை, கத்தரி விதைகளைக் கலப்பின்றித் தனித்தனியே உலர்த்திச் சேமியுங்கள்.

2. இனத்தின் பெயர், பெற்ற இடம், விதைத்த போகம், சிறப்பியல்பு ஆகியவற்றை ஊர்ப்பொதுவில் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள்.

3. ஒரு பகுதி விதையைக் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திற் சேர்ப்பியுங்கள். வீட்டு விதை பழுதுற்றாலும் இனம் அழியாது.

பெயரும் ஊரும் எழுதப்படாத விதைக்குப் பிறர் உரிமை கொண்டாடுதல் எளிது. இப்போகத்திலேயே எழுதத் தொடங்குங்கள்.