துணை வண்டி எங்கே?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. வண்டன்மேட்டிலிருந்து சக்குபள்ளம் நோக்கி வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று, ஏலத்தோட்டத்தின் ஓரமாக ஒரு வளைவில் ஏறும்பொழுது இருமுறை விக்கியது, பிறகு நின்றுவிட்டது. விடுமுறைக்காக ஊர் திரும்பிக்கொண்டிருந்த நானும் அதில் இருந்தேன். எந்த நிறுவனத்தின் பஸ் என்பது இக்கட்டுரைக்கு வேண்டுவதில்லை. தோட்டத்தில் நாள் வேலை முடித்துக் குமுளிக்குப் போய், அங்கிருந்து கம்பம் பஸ்ஸைப் பிடித்து வீடு சேரவேண்டிய பெண்கள் பத்துப்பேர் உள்ளே இருந்தனர். அவர்களுள் ஒருத்தி பால்குடிக் குழந்தையை அக்காளிடம் விட்டு வந்தவள். "மாமா, ஏழு மணிக்குள்ளே வண்டி வந்திருமா?" என்று கண்டக்டரைக் கேட்டாள். அவர் கையிலிருந்த செல்பேசியைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

பழுதுபார்க்கும் வண்டி வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பணிமனையிலிருந்து அது மலையேறி வந்தது. வந்த மெக்கானிக் அரை மணியில் வேலையை முடித்துவிட்டார். கைகழுவிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தபொழுதுதான் ஒரு செய்தி வெளிப்பட்டது. அதே பணிமனையின் மற்றொரு பழுதுபார்க்கும் வண்டி வேறொரு பஸ்ஸைச் சரிசெய்துவிட்டு, நாங்கள் நின்ற இடத்துக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவில், ஒரு தேநீர்க்கடை வாசலில் சும்மா நின்றிருக்கிறது. அவ்விடத்தில் செல்பேசிக்கு அலை கிடைக்காது. ஆகவே பணிமனையில் இருந்தவர் அதை அழைத்துப் பார்த்துச் சலித்து, வேறு வண்டியை அனுப்பினார். இதில் குற்றம் யாருடையது? மெக்கானிக் சோம்பி இருக்கவில்லை. பணிமனைக்காரர் அசட்டையாக இருக்கவில்லை. ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அந்தத் தாயோ அன்று கம்பத்துக்குப் போகமுடியாமல் குமுளியில் உறவினர் வீட்டில் தங்கினாள் என்று பின்னர் அறிந்தேன்.

இன்று பஸ்களின் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பற்றி நம்மில் பலரும் அறிவோம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022ஆம் ஆண்டில் தன் பஸ்கள் எங்கே வருகின்றன என்பதைப் பயணிகள் செல்பேசியில் காணும்படி செய்தது. மைய அரசின் விதிப்படி, 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருத்தல் வேண்டும். ஆட்டோ போன்ற சிறு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை இதற்கென 'சுரக்ஷா மித்ரா' என்னும் அமைப்பை நடத்துகிறது.

ஆனால் விதியின் சொற்களைக் கூர்ந்து படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றும் வண்டியே 'பொதுச் சேவை வாகனம்' ஆகும். பழுதுபார்க்கும் வேன், பழுதான பஸ்ஸை இழுத்துவரும் பளுதூக்கி, டயரும் உதிரிப்பாகமும் சுமக்கும் சிறு லாரி, சோதகர்கள் செல்லும் ஜீப்பு ஆகியவை யாரிடமும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆகவே அந்த விதி இவற்றைக் கட்டாது. பஸ்ஸுக்குக் கண் வைத்த சட்டம், பஸ்ஸைக் காக்க ஓடும் வண்டிக்குக் கண் வைக்கவில்லை.

உண்மையில் இடமறியும் தேவை பஸ்ஸைக் காட்டிலும் துணை வண்டிக்கே மிகுதி என்பது என் கருத்து. பஸ்ஸுக்குத் தடம் உண்டு, நேர அட்டவணை உண்டு. கருவி இல்லாவிட்டாலும், 'ஐந்தரை மணி வண்டி இந்நேரம் புற்றடி தாண்டியிருக்கும்' என்று நம் ஊர்ப் பாட்டி சொல்லிவிடுவாள். துணை வண்டிக்கோ தடமும் இல்லை, நேரமும் இல்லை. எங்கே பழுதோ அங்கே போகும். முடிந்தபின் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும். அது இருக்குமிடத்தை ஊகிக்க வழியே இல்லை.

இனி, இடம் எவ்வாறு அறியப்படுகிறது என்பதைக் காண்போம். பலர் எண்ணுவதுபோல வானத்துத் துணைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நம் வண்டி ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், 12 மணிக்கு ஒருமுறை உலகைச் சுற்றிவரும் துணைக்கோள்கள், 'நான் இன்னார், இவ்விடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இவ்வளவு' என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. கோவில் மணியோசையைக் கேட்பதுபோல, வண்டியிலுள்ள கருவி அதைக் கேட்கமட்டுமே செய்கிறது. அலை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். அந்தப் பயணத்துக்கு ஆகும் காலம் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான். மூன்று துணைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடலாம். ஆயினும் நான்காவது ஒன்றும் வேண்டும்; ஏனெனில் கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையையும் கண்டு கழிக்கவேண்டும். ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறிவிடும் அன்றோ?

துணைக்கோளில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். அவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. வேகத்தாலும் குறைந்த ஈர்ப்பாலும் அவை தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் 38 பங்கு விரைவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் கொள்கைவழி கிடைக்கும் கணக்கு. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேரும். சக்குபள்ளத்து வண்டி கம்பம் பள்ளத்தாக்கில் நிற்பதாகத் தோன்றும்! நம் நாட்டின் நாவிக் அமைப்புக்காக 2013 ஜூலை 1ஆம் நாள் ஏவப்பட்ட முதல் துணைக்கோள் நல்ல நிலையில் சுற்றிக்கொண்டிருந்தும், அதன் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதுபட்டதால் இடங்காட்டும் பணிக்கு உதவாமற் போயிற்று. பஸ்ஸுக்கு மட்டுமன்று, வானத்து வண்டிக்கும் பிரேக்டவுன் உண்டு. அங்கே மெக்கானிக்கை அனுப்ப முடியாதாகையால், 2018 ஏப்ரலில் புதிய துணைக்கோள் ஒன்றையே அனுப்பினார்கள்.

சமவெளியில் இவ்வளவு தெரிந்தால் போதும். மலையில் போதாது. ஒருபுறம் பாறைச் சுவர் எழுந்து பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. ஏலச்செடிகளுக்கு நிழல்தரும் பெருமரங்கள் சாலைமேல் கவிந்திருக்கின்றன. நனைந்த இலைகள், முன்பே மெலிந்து வரும் அலையை மேலும் மெலிவிக்கின்றன. பாறையில் மோதித் திரும்பும் அலை சுற்றுவழியில் வருவதால் தூரத்தை மிகுத்துக் காட்டுகிறது. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் பாதையைப் போன்ற கொண்டையூசி வளைவுகளில் மேல்சாலையும் கீழ்ச்சாலையும் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிது தவறினால் கீழே நிற்கும் வண்டி மேலே நிற்பதாகப் புள்ளி விழும். ஆகவே கணிப்பொறி ஒரு புள்ளியை மட்டும் நம்பாது. முந்திய புள்ளிகள், வண்டி திரும்பிய திசை, அதன் வேகம் ஆகியவற்றைச் சாலைப்படத்தோடு ஒப்பிட்டு, 'இச்சாலையில்தான் இருக்கவேண்டும்' என்று தீர்மானிக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம்வரை பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அந்நாளில் 100 மீட்டர்வரை தவறும். மலைச்சாலைக்கு அது எதற்கும் உதவியிராது.

கேட்டறிந்த இடத்தைப் பணிமனைக்குச் சொல்வது மற்றொரு வேலை. அதற்குக் கருவியினுள் செல்பேசியில் உள்ளது போன்ற சிம் அட்டை இருக்கிறது. அலை இல்லாத பள்ளத்தில் இடம் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. நல்ல கருவி அப்பொழுது குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்து, அலை கிடைத்ததும் ஒருசேர அனுப்பும். எனவே திரையில் தெரியும் புள்ளி 'இப்பொழுது' அன்று. அது கடைசியாகச் செய்தி வந்த நேரத்தின் இடம். அந்நேரத்தைப் புள்ளியின் அருகிலேயே எழுதிக் காட்டாத திரை, இல்லாத திரையைவிடக் கேடு விளைக்கும். எங்கள் கதையில் வரும் தேநீர்க்கடை வண்டியில் கருவி இருந்திருந்தாலும் அது அலையற்ற இடத்தில்தானே நின்றது என்று கேட்கலாம். உண்மை. ஆயினும் அது கடைசியாகக் கடந்த கவலையும் கடந்த நேரமும் திரையில் நின்றிருக்கும். பஸ்ஸிலிருந்து ஒருவரை ஜீப்பில் அனுப்பினால் கையோடு அழைத்து வந்திருக்கலாம்.

அடுத்தது, எது 'அருகில்' என்னும் கேள்வி. சக்குபள்ளம் ஊராட்சியில் செல்லார்கோவில் என்னும் இடம் உண்டு. அங்கே பாறை விளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் காலடியில் விரிந்து கிடக்கும். பறவைக்கு அது சில கிலோமீட்டர். வண்டிக்கோ குமுளி போய், மலையிறங்கி, லோயர் கேம்ப், கூடலூர் என்று சுற்றவேண்டும். நேர்க்கோட்டில் அளந்து 'அருகிலுள்ள வண்டி' என்று திரை காட்டுமானால், அந்தப் பணிமனை பள்ளத்தாக்கிலிருந்து வண்டியை மலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே சாலைவழி ஆகும் நேரத்தையே அளவாகக் கொள்ளவேண்டும். அதுவும் பளுதூக்கிக்கு ஆகும் நேரம் வேறு, சிறு வேனுக்கு ஆகும் நேரம் வேறு. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டமெங்கும் மண் சரிந்து சாலைகள் அறுபட்ட நாள்களை நாங்கள் மறக்கவில்லை. அடைபட்ட சாலையை அன்றன்றே படத்தில் அடைத்துக் காட்டும் ஆள் ஒருவர் இல்லையேல், கணிப்பொறி இல்லாத சாலையில் வண்டியை அனுப்பும்.

குறிப்புகள் சேரச்சேர வேறொரு பயன் விளைகிறது. பஸ் நின்றதிலிருந்து அழைப்பு வரும்வரை ஒரு காலம். அழைப்பிலிருந்து வண்டி கிளம்பும்வரை ஒரு காலம். வழியில் ஒரு காலம். பழுதுபார்க்க ஒரு காலம். இந்நான்கில் எது நீள்கிறது என்பது தெரியாமலே நாம் 'தாமதம், தாமதம்' என்கிறோம். கிளம்புவதில் தாமதமென்றால் ஆள் போதவில்லை என்று பொருள். வழியில் தாமதமென்றால் வண்டி நிற்குமிடம் தவறு. பணிமனையிலேயே எல்லா வண்டிகளையும் நிறுத்தாமல், கட்டப்பனைச் சாலையும் குமுளிச் சாலையும் நெடுங்கண்டம் சாலையும் கூடும் புளியன்மலையில் ஒன்றை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று ஓராண்டுக் குறிப்பைக்கொண்டு கணக்கிட்டுவிடலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024ஆம் ஆண்டில், வழியில் நின்ற பஸ்களைச் சரிசெய்யச் சிறு வேன்களுடன் விரைவுக் குழுக்களை அமைப்பதாக அறிவித்தது. அத்தகைய குழு எங்கே நிற்கவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

துணை வண்டியின் உடல்நலமும் இதில் அடங்கும். பஸ்ஸுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடினால் எண்ணெய் மாற்று என்பது சரி. பளுதூக்கியோ நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிப் பாரம் தூக்குகிறது. கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் தேயும். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் கருவி குறித்துவைத்தால் அதன் உண்மையான வயது தெரியும். காப்பாற்றப் போன வண்டியே வழியில் நிற்பது மலையில் புதிதன்று.

இனித் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல். 'எங்களை வேவு பார்க்கவே இப்பெட்டி' என்னும் ஐயம் ஓட்டுநர்களிடையே உண்டு. அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் இயலாது. எத்தனை நிமிடம் தேநீர் குடித்தாய் என்று கேட்பதற்கு மட்டுமே அக்குறிப்பைப் புரட்டும் மேலாளர் இருக்கத்தான் செய்வார். அவர் இருக்குமிடத்தில் கம்பி அறுந்து கிடப்பதில் வியப்பில்லை. மழையில் நனைந்து, பஸ்ஸின் அடியில் சேற்றில் படுத்து வேலை செய்தவர் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் 'நின்றார்' என்றுதான் திரை சொல்லும். அது என்ன நிற்றல் என்பதைத் திரை அறியாது. ஆகவே தன் வண்டியின் குறிப்பை ஓட்டுநரும் பார்க்கும் உரிமை வேண்டும். அதன்மேல் விளக்கம் எழுதும் இடமும் வேண்டும். அன்று எங்கள் பஸ்ஸில் இருந்தவர்கள், மெக்கானிக் எங்கோ உறங்கிவிட்டு வருகிறார் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நானும் உள்ளத்தில் ஏசினேன். அவர் கிளம்பிய நேரமும் வந்த வழியும் எங்கள் கண்டக்டரின் செல்பேசியில் தெரிந்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம்.

அவரைப் பிறகு ஒருநாள் குமுளியில் சந்தித்தேன். இக்கட்டுரையின் கருத்தையெல்லாம் உற்சாகமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நான் எங்கே இருக்கேன்னு தெரிஞ்சுக்கட்டும், வேண்டாங்கல. அப்படியே பஸ்ஸுல என்ன போச்சுன்னும் ஒழுங்காச் சொல்லச் சொல்லுங்க. போன வாரம் ஃபேன் பெல்ட்டுன்னு போன் வந்துச்சு. பெல்ட்டை எடுத்துக்கிட்டு நெடுங்கண்டம் வரைக்கும் போனேன். போய்ப் பார்த்தா கிளட்ச்சு."