ஆதி அமெரிக்க இலக்கியமும் அதன் பண்பாட்டுப் பின்னணியும்

ஓர் இலக்கியத்தைக் கற்பதென்பது, அதனைத் தோற்றுவித்த மக்களின் வாழ்வைக் கற்பதேயாம். முல்லையும் பாலையும் இன்னவென அறியாதான் சங்கச் செய்யுளின் சொற்பொருளை உணரலாம். அதன் சுவையை உணரான். நம் மட்டக்களப்பிலே வைகாசித் திங்களில் வழக்குரை பாடிக் குளிர்த்தி நிகழ்த்தும் மரபை அறியாது, கண்ணகி வழக்குரையை ஏட்டளவிற் படிப்பவனும் அத்தகையனே. இவ்வுண்மை பிறநாட்டிலக்கியத்துக்கும் பொருந்தும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயிலப் புகும் நம் மாணவர்க்கு ஆதி அமெரிக்க இலக்கியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவாம்.

1620 ஆம் ஆண்டிலே மேபிளவர் என்னும் கப்பலில் 102 பேர் இங்கிலாந்தினின்றும் அமெரிக்கக் கரையை அடைந்தனர். அவருட் பலர், தம் சமயநெறி தடையின்றி வாழவேண்டுமென்று தாய்நாட்டைத் துறந்தவர். முதற் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோருள் ஒருவரும் ஆளுநராய் விளங்கியவருமான வில்லியம் பிராட்போட் அக்குடியேற்றத்தின் வரலாற்றை எழுதிவைத்தார்.

காப்பியமும் நாடகமும் எதிர்பார்த்து இவ்விலக்கியத்துட் புகும் மாணவன் ஏமாற்றமடைவான். அவன் காண்பன வரலாறும் நாட்குறிப்பும் சமயச் சொற்பொழிவுமே. இதன் காரணம் யாது? வாழ்வில் நிகழும் ஒவ்வொன்றும் இறைவன் காட்டும் குறிப்பு என்பது அவர்தம் துணிபு. ஆதலின் நாள்தோறும் தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து எழுதினர். அணிநலம் உண்மையை மறைக்குமென அஞ்சி எளிய நடையை மேற்கொண்டனர். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்தல் கடனெனக் கருதியமையால் கல்வியைப் போற்றினர். 1636 இல் ஹாவாட் கல்லூரியை நிறுவினர். 1640 இல் சங்கீதப் பாடல்களை நூலாக அச்சிட்டனர். இப்பின்னணி தெரிந்த பின்னரே, வறண்டதாகத் தோன்றிய நாட்குறிப்பு உயிர்பெற்றுப் பேசத் தொடங்கும்.

எனினும், பின்னணி ஒன்றேயென மயங்கலாகாது. வந்தேறியோர்க்கு முன்னரே அம்மண்ணின் தொல்குடியினர் வாய்மொழிப் பாடலும் கதையும் உடையராயிருந்தனர். ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பிலிஸ் வீற்லி என்னும் நங்கையின் கவிதைகள் 1773 இல் இலண்டனில் நூலாயின. அடிமைத்தளையினின்றும் தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845 இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். விடுதலையைப் போற்றிய நாட்டிலே விடுதலை மறுக்கப்பட்டோரின் குரல்கள் இவை. இவற்றைக் கேளாதவன் அவ்விலக்கியத்திற் பாதியையே கற்றவனாவான்.

அதே 1845 இல் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் என்னும் குளக்கரையிலே சிறு குடில் அமைத்துத் தனித்துறைந்தார். ஆங்கு அவர் விரும்பிப் படித்தவற்றுள் ஒன்று, சார்ள்ஸ் வில்கின்ஸ் 1785 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பகவத்கீதை. அக்காலத்தே அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு விற்பனைக்கு வந்தது; அங்ஙனம் வால்டன் நீரும் கங்கை நீரும் கலப்பதை எண்ணி அவர் மகிழ்ந்தெழுதினார். வரிகொடாது ஓரிரவு சிறையிருந்த அவர் 1849 இல் வெளியிட்ட கட்டுரை பின்னாளிற் காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்டது. இந்து மாணவர் இவ்விலக்கியத்தை ஏன் கற்றல் வேண்டுமென வினவுவோர்க்கு இஃது ஒரு விடையாகும்.

மற்றொரு விடை நம் நாட்டிலேயே உண்டு. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த குரவர் வில்லியம் ஓல்ட் ஆங்கிலேயர். 1816 இல் யாழ்ப்பாணம் வந்தோரோ அமெரிக்கர். மேற்கூறிய தூயநெறியாளரின் வழிவந்த சமூகமே இவரை அனுப்பியது. இவர் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவி, ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் முதலியன கற்பித்தனர். மதமாற்றமே அவர்தம் நோக்கம். ஆயின் கல்வியின் பயன் கற்பிப்போன் நோக்கத்துள் அடங்குவதன்று. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார்; பின்னர்ச் சைவராய் வாழ்ந்து, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழைக் காத்தார்.

ஆகவே, பல்கலைக்கழகம் புகும் இளைஞர் தேர்வுக் குறிப்புக்களை மட்டும் நெட்டுருச் செய்து அமைதல் தகாது. முதலில் மூலநூலைப் படித்தல் வேண்டும். பின்னர் இதனை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், யாருடைய குரல் இதில் ஒலிக்கவில்லை என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களை நம் இலக்கியத்தின் மீதும் எழுப்பத் துணிதல் வேண்டும். பிறமொழிப் பயிற்சி தாய்மொழிப் பற்றைக் குறைக்குமென்று அஞ்சுவோர், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரை நினைவுகூர்க. சேக்ஸ்பியரின் நாடகங்களைத் துருவிக் கற்ற அவ்வடிகளே மதங்க சூளாமணியையும் யாழ் நூலையும் நமக்கு அளித்தார். பிறர் வீட்டு விளக்கினைக் கண்டு வந்தவன், தன் வீட்டு விளக்கின் திரியைத் தூண்டுவானாக.