கத்தோலிக்கப் பள்ளியில் முதல் வேலையா?

பி.எட். முடித்த கையோடு சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. "சிஸ்டர்ஸ் ஸ்கூல்தானே, பயமில்லை" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். உங்களுக்குத்தான் ஆயிரம் சந்தேகம். சேர்வதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில. சேர்ந்த முதல் வாரத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியது என்ன? "நான் சேரும் இடம் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" இதைத்தான். பல நகரப் பள்ளிகளில் கேட் ஒன்று, மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை வடிவம்) ஒன்று, காலை வழிபாடு ஒன்று. ஆனால் ஆசிரியர்கள் இரண்டு வகை. அரசு உதவி பெறும் பணியிடம் (அரசு சம்பளம் தரும் இடம்) ஒன்று. சுயநிதிப் பணியிடம் (பிள்ளைகள் கட்டும் கட்டணத்திலிருந்து நிர்வாகம் சம்பளம் தரும் இடம்) மற்றொன்று. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உங்கள் அடுத்த முப்பது வருடங்கள் இந்த ஒரு பதிலில் இருக்கின்றன.

எவ்வளவு வித்தியாசம்? உதவி பெறும் இடத்தில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, இடைநிலை ஆசிரியருடையது 20,600 ரூபாயில். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு மேல். சுயநிதியில் நிர்வாகம் சொல்வதுதான் சம்பளம். அது பெரும்பாலும் இதில் ஒரு சிறு பங்கு. ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் இருவருக்கு இந்த அளவு வேறுபாடு இருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். சமத்துவத்தைப் போதிக்கும் நிறுவனங்கள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும்.

எய்டட் இடம் என்றால் சம்பளம் அடுத்த மாதமே வந்துவிடுமா? வராது. அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நிறுவி நடத்த உரிமை தருகிறது. அதன்படி உங்களைத் தேர்ந்தெடுப்பது மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) அல்லது ஒரு துறவற சபை. ஆணையில் கையெழுத்திடுபவர் தாளாளர் (பள்ளி நிர்வாகத்தின் சட்டப்படியான பொறுப்பாளர்). பங்குப் பள்ளி (ஒரு பங்குக் கோயிலைச் சார்ந்த பள்ளி) என்றால் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். அதன் பிறகு கல்வித் துறை நியமன ஒப்புதல் (இந்த இடத்தில் இவரை அமர்த்தியது சரி என்னும் உத்தரவு) தந்தால்தான் அரசுச் சம்பளம் வரும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். வழக்கு வரை போய் வருடக்கணக்கில் இழுத்ததும் உண்டு. "ஒப்புதல் வரும்வரை நிர்வாகம் எனக்கு என்ன தரும்?" என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். வாடகை கொடுத்து நகரத்தில் குடியிருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இன்னொன்றும் கேளுங்கள்: "யார் ஓய்வு பெற்ற இடம் இது? பிள்ளைகளின் எண்ணிக்கை போதுமா?" ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியாளர் நிர்ணயம் (எத்தனை ஆசிரியர் தேவை என்ற கணக்கு) செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இடம் உபரியாகிவிடும். சென்னையில் நகரின் நடுவே இருந்த குடியிருப்புகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது பழைய பள்ளிகள் பிள்ளைகளை இழந்தன. கட்டடமும் பெயரும் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

டெட் தேர்ச்சி வேண்டுமா? டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. அதற்கு அடிப்படையான கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இங்கே டெட் இல்லாமலே பலர் சேர்ந்தார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு அந்த நிலைப்பாட்டையே சந்தேகித்து, சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. "எங்களுக்கு டெட் தேவையில்லை" என்று யார் சொன்னாலும் எழுதி முடித்துவிடுங்கள். 150-க்கு 90 மதிப்பெண். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. வேலையில் மூழ்கிய பிறகு உட்கார்ந்து படிப்பது கடினம்.

சுயநிதியில் சேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? சம்பளம், விடுமுறை, தகுதிகாண் பருவம் (நிரந்தரமாக்கும் முன் பார்க்கும் காலம்) எல்லாம் எழுதிய நியமன ஆணையைக் கையில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பள்ளி என்றால் வருங்கால வைப்பு நிதி (நீங்களும் பள்ளியும் மாதாமாதம் சேர்க்கும் பணம்) பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கணக்கில் கட்டுகிறார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்த தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை (விலகும்போது தரும் மொத்தத் தொகை) உண்டு. ஒவ்வொரு மே மாதமும் நீக்கி ஜூனில் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டினால், அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் சிக்கல் வரும். ஆணைகளின் தேதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சாமியார்களும் கன்னியர்களும் நடத்தும் இடத்தில் எழுத்து எதற்கு என்று தோன்றலாம். அவர்கள் நேர்மையில் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு இடமாற்றம் உண்டு. உங்களுக்கு வாக்குக் கொடுத்த தலைமைச் சகோதரி மே மாதம் சபையின் கடிதம் வந்ததும் பெட்டியோடு வேறு ஊருக்குப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு உங்கள் முகமே தெரியாது. "அடுத்த வருஷம் எய்டட் வேகன்சியில் போடுகிறேன்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்து வயதைக் கடத்தியவர்கள் நிறையப் பேர்.

கத்தோலிக்கர் அல்லாதவர் சேரலாமா? தாராளமாக. இந்துக்களும் முஸ்லிம்களும் மற்ற சபைக் கிறிஸ்தவர்களும் இந்தப் பள்ளிகளில் காலங்காலமாக வேலை செய்கிறார்கள். நியமனத்தில் கத்தோலிக்கருக்கு முன்னுரிமை இருக்கும், தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் துறவியருக்கே போகும். இதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

வழிபாடு? காலை ஜெபம், மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி, பாதுகாவலர் திருவிழா எல்லாம் இருக்கும். மரியாதையாக நின்றால் போதும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (சமய வகுப்பு) நடக்கும் அதே பீரியடில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு; புதிய ஆசிரியருக்கு அநேகமாக அது வந்துசேரும். பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதமின்றிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்வது இது.

வகுப்பறை எப்படி இருக்கும்? கட்டணம் அதிகமுள்ள மெட்ரிக் பள்ளியின் வகுப்பு ஒரு மாதிரி. தமிழ்வழி எய்டட் பள்ளியின் வகுப்பு முற்றிலும் வேறு. ராயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பீரியடிலேயே மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தூங்குவாள். எழுப்பித் திட்டுவதற்கு முன் விசாரியுங்கள். அம்மா விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பார். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, குழாயடியில் குடம் நிரப்பி, தானும் தலை பின்னிக்கொண்டு வந்திருப்பாள். வீட்டுப்பாட நோட்டு வெறுமையாக இருப்பதன் காரணம் அங்கே இருக்கிறது. அவளுக்குத் தண்டனை தேவையில்லை. மதிய இடைவேளையில் உங்கள் பக்கத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுத ஓர் இடம் தேவை.

பசியோடு வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளின் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கும் வந்தது. மயிலாப்பூரில் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர் என்றால், தாமதமாக வரும் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பதை வருகைப் பதிவைப் போலவே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பை அடக்குவது எப்படி? எல்லாப் புதியவர்களையும் உறுத்தும் கேள்வி. பிரம்பு சட்டப்படி கூடாது, அவமானப்படுத்துவதும் கூடாது. "கான்வென்ட் என்றால் கண்டிப்பு" என்ற பழைய பெயர் உங்களைக் காப்பாற்றாது. சலேசிய சபைப் பள்ளிகளில் ஒரு மரபு உண்டு. அந்தச் சபையை நிறுவிய தொன் போஸ்கோ, தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட அது நடக்காதபடி பிள்ளைகளோடு கூடவே இருப்பதை வற்புறுத்தினார். அதனால்தான் இடைவேளையில் ஆசிரியர் மைதானத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எந்தச் சபைப் பள்ளியானாலும் இது கைகொடுக்கும். கபடி ஆடும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், கடைசி பெஞ்சுப் பையன்களின் பெயர்கள் ஒரே வாரத்தில் மனப்பாடமாகிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வகுப்பில் பாதிச் சத்தம் அடங்கும்.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகச் சொன்னால் என்ன செய்வது? தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. போக்சோ சட்டப்படி (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம்) விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் சக ஆசிரியராக இருந்தாலும், அருட்தந்தையாக இருந்தாலும், "ஸ்கூல் பேர் கெட்டுவிடும்" என்று யார் கெஞ்சினாலும் இது மாறாது. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. 1098-க்கோ பள்ளிக்கல்வித் துறையின் 14417-க்கோ அழைத்தால் வழி காட்டுவார்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள். அது சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு, அன்றே எழுதி வையுங்கள்.