படிக்கத் தெரிந்தும் புரியாமல் போவது ஏன்?

ஒரு பத்தியைத் தங்குதடையின்றி உரக்கப் படித்து முடிக்கும் மாணவரிடம் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பல நேரம் பதில் வருவதில்லை. எழுத்துக்கூட்டப் பழகிவிட்டால் பொருள் தானாக விளங்கிவிடும் என்று நாம் நம்புவதே இதற்கு முக்கியக் காரணம். டோலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நான்காம் வகுப்புகளை நேரில் கவனித்து, 1978-79இல் தன் முடிவுகளை வெளியிட்டார். வாசிப்புப் பாடம் நடந்த 4,469 நிமிடங்களில், படிப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்கச் செலவானது 20 நிமிடம்தான். மற்ற நேரத்தில் பெரும்பாலும் கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். புரிந்ததா என்று சோதித்தார்களே தவிர, புரிந்துகொள்ளும் வழியைக் காட்டவில்லை. நம் வகுப்பறைகளுக்கும் இந்தக் குறை அந்நியமானதல்ல.

அந்த வழியைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதை 1984இல் அன்னமேரி பாலின்சரும் ஆன் பிரவுனும் காட்டினார்கள். சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அவர்கள் பழக்கியவை நான்கு: படித்ததன் சாரத்தைச் சொல்வது, அதிலிருந்து கேள்வி எழுப்புவது, விளங்காத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. ஆசிரியர் முதலில் இதைத் தானே செய்துகாட்டுகிறார். 'வெப்பச்சலனம்' என்ற சொல் புரியவில்லை என்றால், "இங்கே நிற்கிறேன், மேலே இரண்டு வரி திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு மாணவர்கள் முறைவைத்து ஆசிரியர் இடத்தில் அமர்கிறார்கள். நல்ல வாசகரின் மனதுக்குள் நடப்பது வெளியே தெரியாது. அதைக் காதில் விழச் செய்ததே இந்த முறையின் பலம். அம்மாணவர்களின் புரிதல் வெகுவாக முன்னேறியது.

இப்படி உத்திகளைக் கற்பிப்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1988இல் ரெக்ட்டும் லெஸ்லியும் நடத்திய ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் ஆட்டம் அறிந்த மாணவர்கள், ஆட்டம் அறியாத தேர்ந்த வாசகர்களைவிட ஆட்ட வருணனையை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். படிக்கும் விஷயம் பற்றிய முன்னறிவு இல்லாத இடத்தில் உத்தி கைகொடுக்காது என்பதே இதன் பொருள். ஏற்கத்தான் வேண்டும். ஆகவே உத்திகளை ஆண்டு முழுவதும் தனிப்பாடமாக இழுக்கக் கூடாது. சில வாரங்களில் பழக்கிவிட்டு, பலவகைப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது சரியான திசை. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உத்திகளைப் பழக்கத் தனிப் பாடவேளை தேவையில்லை. அறிவியல் ஆசிரியர் முழுப் பாடத்தையும் தானே விளக்காமல், முதல் பத்தியை மட்டும் மாணவர்களே குழுவாகப் படித்து, கேள்வி எழுப்பி, சாரம் சொல்லும்படி விடலாம். பாடமும் நகரும்.