நினைவு யாருடைமை? செயற்கை நுண்ணறிவு முகவரும் பணித்தொடர்ச்சியும்

இரணைமடுக் குளத்து நீரை நம்பிப் பயிரிடும் கிளிநொச்சிக் கமக்காரர், போகத்துக்குப் போகம் மாவட்ட உத்தியோகத்தருடன் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துவர். எத்தனை ஏக்கர், எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளில் மறிப்பது என்பன அங்கு தீர்மானமாகிக் கூட்டக்குறிப்பில் ஏறும். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் செல்வர், குறிப்பு எஞ்சும். ஆனால், சிறுபோகப் பரப்பு ஏன் குறைக்கப்பட்டது, யாருடைய ஆட்சேபம் ஏற்கப்படவில்லை என்பன அதில் இல்லாவிடின், புதிதாக வருபவர் தீர்மானத்தை அறிவாரேயன்றி அதன் நியாயத்தை அறியார். கணினியுலகில் ‘முகவர்’ எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் எதிர்நோக்கும் பிரச்சினையும் இத்தகையதே. அதன் தொழில்நுட்பத்தையும் சமூக அடிப்படையையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.

1. மறதியின் காரணம்

கேள்விக்கு விடை கூறுவதுடன் அமையாது, கோப்புகளை வாசித்தும் திருத்தியும் கட்டளைகளை இயக்கியும் பல படிகளையுடைய வேலையைச் செய்யும் மொழிமாதிரியையே முகவர் என்கிறோம். அதன் அறிவு இருவகைப்படும். பயிற்சியின்போது எண்களாகப் பதிந்தது ஒன்று. வேலையின்போது இது மாறுவதில்லை. நடப்பு உரையாடலில் அதன்முன் வைக்கப்படும் எழுத்து மற்றையது. ‘சூழமைவு’ எனப்படும் இதற்கு ஓர் உச்ச அளவு உண்டு. பணியமர்வு முடிந்ததும் இந்த இரண்டாவது அறிவு அற்றுப்போகிறது. மறுநாள் அதே வேலைக்கு அழைக்கப்படும் முகவர், நேற்று எது முயலப்பட்டது, எது தோற்றது, எது எதற்காகக் கைவிடப்பட்டது என்பதொன்றையும் அறியாது. எனவே, தோற்ற வழியிலேயே மீண்டும் செல்லும்.

2. மீட்பு முறைகள்

உரையாடற் பதிவு முழுவதையும் காத்து மீள வாசிக்கச் செய்தல் முதலாவது முறை. இது பூரணமானது, ஆனால் நீண்ட பதிவு சூழமைவின் அளவை விஞ்சிவிடும். அடங்கினும் முழுப்பயன் கிட்டுவதில்லை. நீண்ட வாசகத்தின் நடுவிலுள்ள செய்தியை, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றைவிடக் குறைவாகவே மொழிமாதிரிகள் பயன்படுத்தின என்பதை 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பதிவைச் சுருக்கித் தருதல் இரண்டாவது. இதில் அளவுப் பிரச்சினை தீரும். ஆயினும் முடிவு எஞ்சக் காரணம் உதிர்ந்துவிடுவது வழமை. சுருக்கத்தை மீண்டும் சுருக்குந்தோறும் இழப்பு பெருகும். பழைய பதிவுகளைத் துண்டுகளாக்கி, பொருள் ஒப்புமை கொண்டு வேண்டியதைத் தேடியெடுத்தல் மூன்றாவது. தேடவேண்டிய ஒன்று உண்டு என்பதையே அறியாத முகவருக்கு இது உதவாது.

நான்காவது, கைமாற்றுக் குறிப்பு. அமர்வு முடியுமுன் நோக்கம், முடிந்தவை, எஞ்சியவை, தோற்ற முயற்சிகள், அவற்றின் காரணங்கள் ஆகியவற்றை முகவரே எளிய கோப்பொன்றில் எழுதிவைக்கும். அடுத்த அமர்வு அதை வாசித்தே தொடங்கும். குறிப்பு சிறிதாக முன்னிற்க, முழுப்பதிவும் தேடக்கூடியதாய்ப் பின்னிருப்பதே சாலச் சிறந்தது. எனினும் குறிப்பு பழையதாகியிருக்கலாம். இடையில் மனிதர் கோப்புகளை மாற்றியிருக்கலாம். ஆதலின் குறிப்பை நம்புமுன் வேலையின் நடப்பு நிலையைச் சோதித்தல் வேண்டும். குளத்து நீர்மட்டத்தைக் குறிப்பேட்டிற் பார்ப்பதில்லை, அளவுகோலிலேயே பார்க்கிறோம்.

3. சுருக்குபவர் யார்?

சுருக்கம் என்பது வெறும் குறைப்பன்று; தெரிவு. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றி எழுதிய கைந்நூல் 1895இல் வெளிவந்தது. கச்சேரிக்குப் புதிதாக வரும் அதிகாரிக்கு அது முன்னோர் பணியின் சாரத்தைத் தந்தது. இன்றைய ஆய்வாளருக்கும் இன்றியமையாதது. ஆயினும், ஆளப்பட்ட குடியானவன் அதில் நிருவாகியின் கண்ணூடாகவே தோன்றுகிறான். முகவர் எழுதும் குறிப்பிலும், பணித்தவரின் தேவை நிற்க, வேலையால் பாதிக்கப்படுவோரின் ஆட்சேபம் மறையும் வாய்ப்பு உண்டு.

இதனினும் ஆழமான வினா உடைமை பற்றியது. தொழிலாளரிடம் மரபாக இருந்த அறிவை நிருவாகம் திரட்டி விதிகளாக்க வேண்டுமென டெயிலர் 1911இல் வெளிப்படையாகவே எழுதினார். சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்து உழைப்பை அடக்கும் வழி இது என்பதை பிரேவமன் 1974இல் விளக்கினார். இன்று பொறியியலாளர் ஒருவர் முகவருடன் வேலைசெய்கையில், அவர் திருத்திய தவறுகளும் கூறிய நியாயங்களும் பதிவாகின்றன. அவர் விலகியபின்னும் அவரது திறன் அப்பதிவில் எஞ்சி அடுத்தவரின் வேலையை நடத்தும். உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பாகத் திரள்வது பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு புதுவடிவிற் பொருந்துகிறது. பதிவு கம்பனியின் சேவையகத்தில் மட்டும் இருப்பின், தன் நினைவை வாசிக்கும் உரிமைகூட உழைத்தவருக்கு இல்லாது போகலாம்.

இதனால் தொழில்நுட்பத்தை நிராகரிக்க வேண்டுமென்பதன்று. 2009இல் முடிவுற்ற போரில் வன்னி மக்கள் பலர் வீட்டோடு காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தனர். மீளக் குடியேறியபோது, பத்திரம் இல்லாதவிடத்து அயலாரின் நினைவே வேலியின் எல்லைக்குச் சாட்சியாயிற்று. ஓரிடத்தில் மட்டும் வைத்த நினைவு ஒருங்கே அழியும். பலர் கையிலுள்ள நினைவை மீட்கலாம். எனவே முகவரின் குறிப்பு எவரும் வாசிக்கத்தக்க எளிய எழுத்தில், உழைப்போர் திருத்தத்தக்கதாய், அவர்தம் கைவசமும் இருத்தல் வேண்டும். அவ்வாறு அமையுமாயின் அது கண்காணிப்பின் ஏடாகாது, கூட்டுழைப்பின் ஏடாகும்.