பெண்களின் சுயதொழில்: பயமும் கணக்கும்

சொந்த நிலத்தை விட்டுக் கண்டிப் பகுதிக்குப் பெயர்ந்து வந்த குடும்பங்களில் ஒரு பெண் சுயதொழில் ஆரம்பிக்க எண்ணும்போது, "இருப்பதும் போய்விடுமோ" என்ற பயமே முதலில் எழுகிறது. இதை அறியாமை என்று நாம் ஒதுக்கலாகாது. ஒரு தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிட, அதே தொகையை இழக்கும் வேதனை மனிதருக்குப் பெரிதாகத் தோன்றும் என்பதை கானமன், ட்வேர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979இல் விளக்கினர். வயலையும் வீட்டையும் இழந்தவருக்கு அது மேலும் கனப்பதில் வியப்பில்லை.

நம் நாட்டு அனுபவம் ஒன்றைப் பார்ப்போம். 2005இல் தொடங்கிய ஆய்வொன்றில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழிலாளர் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவி இலவசமாக வழங்கப்பட்டது. ஆண்களின் இலாபம் கூடியது. பெண்களின் இலாபம் சராசரியாகக் கூடவில்லை. பெண்களுக்குத் திறமை இல்லையா? இலங்கை, இந்தியா, கானா நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை வேறு விடை தந்தது. பெண்ணுக்குக் கிடைத்த முதல் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்கே சென்றிருந்தது. பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த வீடுகளில் அவளது வருமானமும் உயர்ந்தது.

ஆகவே, தொழில் தொடங்குமுன் நாம் கவனிக்க வேண்டியவை:

1. பக்கத்து வீட்டார் இடியப்பம் விற்று முன்னேறினார் என்பதால் நாமும் அதையே தொடங்குவது எளிது. விட்டுவிட்டவர்கள் கண்ணில் படுவதில்லை. அவர்களையும் தேடிக் காரணம் கேட்போம்.

2. வாரத் தவணை சிறிதாகத் தெரிந்தால் கடனும் சிறிதென நினைக்கிறோம். 10,000 ரூபாவுக்கு வாரம் 240 ரூபா வீதம் 50 வாரம் கட்டினால் 12,000 ரூபா. வட்டி 20 வீதம் போலத் தோன்றும். ஆனால் முதல் வாரந்தோறும் குறைவதால், சராசரியாக நம் கையில் இருப்பது பாதித் தொகையே. உண்மை வட்டி ஏறக்குறைய 40 வீதம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு தீர்மானிக்க நேர்ந்ததை மறக்க வேண்டாம்.

3. தொழிற்பணத்துக்குத் தனிப் பையும் தனிக் கொப்பியும் வேண்டும். அதிலிருந்து எடுப்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

4. இழந்தாலும் அடுப்பு அணையாத அளவு பணத்துடன் ஒரு மாதம் செய்து பார்ப்போம். கணக்கு நன்றாக வந்தால் பெருக்குவோம். வராவிட்டால், கடன் ஏறுமுன் மாற்றுவோம்.

இக்கணக்கை உங்கள் மாதர் குழுவின் அடுத்த கூட்டத்தில் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.