ஜப்பானின் பெயர் சொல்லும் கார் எது?

டீக்கடைப் பட்டிமன்றமும் ஒரு தீர்ப்பும்

(நமது நிருபர்)

பெங்களூர் கண்டோன்மெண்ட் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நம்மவர் ஒருவரின் டீக்கடை உண்டு. டூட்டி முடிந்து வருகிற தமிழர்கள் அங்கே கால் மணி நேரம் நின்று, ஊர்ச் சேதி பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். சென்ற வாரம் அங்கே பெரிய வாக்குவாதம் மூண்டது. அரசியல் அல்ல, சினிமா அல்ல. காரணம், ஒரு பொம்மைக் கார்!

ஒர்க்ஷாப் பிட்டர் ஒருவர் தம் பையனின் பிறந்த நாளுக்காக வாங்கியது அது. அதைப் புரட்டிப் பார்த்த அப்ரண்டிஸ் பையன், "அண்ணே, இது ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஜப்பான் என்றாலே இந்தக் கார்தான்" என்றான். பார்சல் ஆபீஸ் பெரியவர் விடுவாரா? "ஹோண்டா சிவிக்கை மறந்துவிட்டுப் பேசாதே, தம்பி" என்றார். பத்து நிமிடத்தில் ஐந்து கட்சிகள் கிளம்பிவிட்டன. தோற்ற கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும் என்று பந்தயம். "பேப்பருக்கு எழுதுகிறவர் நீங்கள்தானே, சார். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் குட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். ஆகவே எந்தக் கார் மீதும் எனக்குத் தனி அபிமானம் கிடையாது. ஒரு வாரம் தவணை கேட்டேன். கட்சிக்காரர்கள் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே வைக்கிறேன்.

வேகக் கட்சி

அப்ரண்டிஸ் பையனின் வாதம் லேசானதல்ல. ஸ்கைலைன் ஜி.டி.ஆர். முதலில் வந்தது 1969-இல். பார்வைக்குக் குடும்பக் கார். உள்ளே பந்தயக் கார் என்ஜின்! 1972-க்குள் ஜப்பானியப் பந்தயங்களில் ஏறத்தாழ 50 வெற்றிகளைக் குவித்தது. பிறகு பதினாறு ஆண்டுகள் அந்தப் பெயரே மறைந்து கிடந்தது. 1989-இல் திரும்பி வந்த புதிய ஜி.டி.ஆர்., 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் பந்தயத் தொடரில் நடந்த 29 பந்தயங்களிலும் வென்றது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அதற்கு வைத்த பட்டப் பெயர் "காட்சில்லா". ஜப்பானியப் படங்களில் ஊரை அழிக்க வருமே, அந்தப் பூதம்தான்.

அழகுக் கட்சி

பிட்டர் நண்பர் சொன்னார்: "கார் என்றால் பார்த்தவன் திரும்பிப் பார்க்க வேண்டும்." அவர் எடுத்துக்காட்டியது டொயோட்டா 2000 ஜி.டி. யமஹா கம்பெனியுடன் சேர்ந்து 1967-இல் டொயோட்டா வெளியிட்ட கார். அதே ஆண்டு ஜேம்ஸ்பாண்ட் படத்திலும் ஓடியது. கதாநாயகன் ஷான் கானரி உயரமானவர். உள்ளே உட்கார்ந்தால் தலை இடிக்கும். கூரையையே வெட்டி எடுத்துவிட்டுப் படம் பிடித்தார்கள்! ஆனால் மொத்தம் தயாரானது 350 அளவில்தான். ஜப்பானியரிலேயே பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

"அப்படியானால் டட்சன் 240 இசட்" என்று அவர் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். அதுவும் 1969-இல் வந்த கார்தான். ஜப்பானில் அதற்குப் பெயர் "ஃபேர்லேடி". அமெரிக்காவில் டட்சன் விற்பனையைக் கவனித்த யுடகா கட்டயாமா, "அழகிய சீமாட்டி என்று பெயர் வைத்தால் அமெரிக்க வாலிபன் வாங்குவானா?" என்று யோசித்தார். வந்து இறங்கிய கார்களில் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு 240 இசட் என்று பொருத்தினார். விலை 3,526 டாலர். ஐரோப்பியப் பந்தயக் கார்களின் அழகு, சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கும் விலையில் கிடைத்தது. "ஜப்பான் சாமான் மட்டச் சாமான்" என்று சொல்லிவந்த அமெரிக்கர்களின் வாயை அடைத்த கார்களில் இது முக்கியமானது. கட்டயாமா 105 வயது வரை வாழ்ந்து 2015-இல் காலமானார்.

அந்த டட்சன் பெயர் நம் ஊரையும் தொட்டிருக்கிறது. நிஸ்ஸான் கம்பெனி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, சென்னை அருகே ஒரகடம் தொழிற்சாலையில்தான் 2014 முதல் டட்சன் கார்கள் தயாராயின. 2022-இல் அது நின்றுவிட்டது.

புகையை அடக்கிய கார்

பார்சல் ஆபீஸ் பெரியவர் கணக்கில் புலி. "வேகமும் அழகும் இருக்கட்டும். உலகத்துக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்.

1970-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. கார் கக்கும் நச்சுப் புகையில் பத்தில் ஒன்பது பங்கைச் சில ஆண்டுகளுக்குள் குறைக்க வேண்டும். முடியாத காரியம் என்றார்கள் அமெரிக்காவின் பெரிய கார் முதலாளிகள். சைக்கிளில் மாட்டும் சின்ன என்ஜின் செய்து பிழைப்பைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டாவின் கம்பெனி, முடியும் என்று செய்து காட்டியது.

விறகு அடுப்பு மூட்டியவர்களுக்கு அந்த வித்தை எளிதில் புரியும். பெரிய கட்டை நேரே பற்றாது. முதலில் சுள்ளியில் தீ வைப்போம். சுள்ளி கட்டையைப் பற்ற வைக்கும். ஹோண்டா என்ஜினில் ஒரு சின்ன அறை. அதில் பெட்ரோல் செறிந்த கலவை முதலில் பற்றும். அந்தத் தீ, பெரிய அறையிலுள்ள பெட்ரோல் குறைந்த கலவையை முழுவதும் எரிக்கும். புகையில் நஞ்சு குறையும், எண்ணெயும் மிச்சம். 1972-இல் பிறந்த சிவிக் கார் இந்த என்ஜினைச் சுமந்து அமெரிக்கா போனது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு போட, உலகமே பெட்ரோலுக்குத் தவித்த காலம் அது. சிவிக்குக்கு வந்தது யோகம்!

டீக்கடைக்காரரின் கட்சி

டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "எல்லாம் சரி, நாம் ஏறிய ஜப்பான் கார் எது? மாருதி 800 தானே?"

நியாயமான கேள்வி. 1982-இல் மாருதியும் சுசுகியும் ஒப்பந்தம் செய்தன. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி. என்ஜின். சுசுகியின் சின்னக் காரை வைத்து இந்தியாவில் செய்தது. 2014-இல் தயாரிப்பு நின்றபோது 25 லட்சத்துக்கு மேல் ஓடியிருந்தது. ரெயில்வேக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. வயதான பயணிகள் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கார் ஏற்றும் வண்டிகளாக மாற்றினோம். நாம் உட்கார்ந்து போன பெட்டியில் பிறகு மாருதி உட்கார்ந்து போயிற்று!

ஆனால் அது இந்தியாவின் பெயர் சொல்லும் கார். கேள்வி ஜப்பானைப் பற்றியது.

டிரைவர் அண்ணன் சொன்னது

கடைசியாகப் பேசியவர் சேலத்துக்காரர். சார்ஜாவில் ஒரு கம்பெனிக்குப் பதினோரு வருடம் கார் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார்.

"எனக்கு வேகம், அழகு எல்லாம் தெரியாது, சார். நான் ஓட்டியது டொயோட்டா கொரோலா. ஐம்பது டிகிரி வெயிலிலும் ஒரு நாள் வழியில் நின்றதில்லை. நின்றிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். என் இரண்டு தங்கச்சிகளுக்கும் கல்யாணம் ஆனது அந்த ஸ்டீரிங்கைப் பிடித்துத்தான்."

யாரும் சிறிது நேரம் எதிர்வாதம் பேசவில்லை.

விமானம் போய் கார் வந்தது

கொரோலாவின் கதையைப் படித்தபோதுதான் எனக்குத் தீர்ப்பு கிடைத்தது. அதை உருவாக்கியவர் டட்சுவோ ஹசெகாவா. தச்சிகாவா விமானக் கம்பெனியில் எஞ்சினீயர். மிக உயரத்தில் வந்து குண்டு போட்ட பி-29 விமானங்களை எதிர்க்க ஒரு போர் விமானம் வடிவமைத்தவர். 1945-இல் ஜப்பான் சரணடைந்தது. இனி விமானமே செய்யக்கூடாது என்று தடை வந்தது. படித்த படிப்பும் பழகிய தொழிலும் ஒரே நாளில் செல்லாக்காசு! மறு ஆண்டு டொயோட்டாவில் சேர்ந்தார். அதே விமானக் கம்பெனியிலிருந்து வெளியே வந்த வேறு சிலர் தொடங்கிய ஸ்தாபனம்தான், ஸ்கைலைனைப் பெற்ற பிரின்ஸ் கம்பெனியாக வளர்ந்தது. வேகக் கட்சியும் டிரைவர் அண்ணனும் ஒரே வீட்டுப் பங்காளிகள்!

1955-இல் ஜப்பானிய அரசு "மக்கள் கார்" என்று ஒரு யோசனையை வெளியிட்டது. 1961-இல் டொயோட்டா "பப்ளிகா" என்ற 700 சி.சி. காரை இறக்கியது. மலிவு, சிக்கனம், உறுதி, எல்லாம் இருந்தன. ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. காரணம் என்ன? ரேடியோ இல்லை, ஹீட்டர் இல்லை, எல்லாம் மொட்டை. வாங்கியவன் ஏழை என்பதை அந்தக் கார் தெருவெல்லாம் தமுக்கடித்தது.

ஹசெகாவா பாடம் கற்றார். சம்பளக்காரன் கேட்பது மலிவு மட்டும் அல்ல, மரியாதையும் கேட்கிறான். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? தீபாவளிக்கு ஊர் போகும்போது, பெட்டியில் கசங்காமல் மடித்து வைத்த ஒரு சட்டையை ரெயில் ஊர் எல்லையைத் தொடும்போது மாற்றிக்கொள்கிறோமே, அது பகட்டா? இல்லை. நாலு பேர் முன் தலை நிமிர்ந்து நிற்கவே.

ஆகவே அவர் ஒரு கணக்கு வைத்தார். எல்லாப் பாடத்திலும் 80 மார்க். சிலவற்றில் 90-க்கு மேல். எதிலும் பெயில் கிடையாது. 1966 நவம்பரில் கொரோலா வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பே நிஸ்ஸான் 1,000 சி.சி. என்ஜினோடு "சன்னி" காரை விட்டிருந்தது. டொயோட்டா தன் என்ஜினை 1,100 ஆக்கி, "100 சி.சி. அதிகம்" என்று விளம்பரம் செய்தது. 1970-இல் சன்னி 1,200 சி.சி. ஆகி, பக்கத்து வீட்டுக் கார் சின்னதாகத் தெரிகிறது என்று பதில் விளம்பரம் போட்டது. இந்தப் போட்டியில் லாபம் வாங்கியவனுக்கு! 1966-ஐ ஜப்பானியர் சொந்தக் காரின் முதல் ஆண்டு என்றே சொல்கிறார்கள். அதுவரை கம்பெனிக்கும் டாக்சிக்கும் உரியதாக இருந்த கார், குமாஸ்தா வீட்டு வாசலுக்கு வந்தது.

1997-இல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டிலைக் கொரோலா விற்பனையில் முந்தியது. 2021-இல் எண்ணிக்கை 5 கோடியைத் தாண்டியது. நம் பெங்களூர் அருகே பிடதி தொழிற்சாலையிலும் 2003 முதல் 2020 வரை தயாரானது. இங்கே அது வசதிக்காரர் கார் என்பது வேறு கதை.

தீர்ப்பு

அப்ரண்டிஸ் பையன் ஆட்சேபணை எழுப்பினான்: "பீட்டில் கடைசி வரை ஒரே கார், சார். கொரோலா பன்னிரண்டு தலைமுறை மாறிவிட்டது. பெயர்தான் ஒன்று, கார் வேறு."

உண்மை. ஆனால் தாத்தா பெயரை வைத்துக்கொள்கிறவனைத்தானே நாம் பேரன் என்கிறோம்? முகம் மாறலாம், குணம் மாறாதவரை அவன் பெயர் சொல்லும் பிள்ளைதான். சித்திரக் கதையில் மலைப்பாதையில் டோஃபு கொண்டுபோகும் அந்தக் காரைப் பையனுக்கு உயிர். 1983-இல் வந்த அந்த ட்ரூனோவும் கொரோலா குடும்பம்தான் என்று சொன்னேன். பையன் வாயடைத்துப் போனான்.

ஸ்கைலைன் ஜப்பானின் வீரத்தைச் சொல்லும். 240 இசட் அழகைச் சொல்லும். சிவிக் மூளையைச் சொல்லும். கொரோலா ஜப்பானியத் தொழிலாளியின் வாழ்வைச் சொல்லும். தொழிலை இழந்த ஒருவர், வேறு தொழிலில், தன்னைப் போன்ற சாதாரண மனிதனுக்காகச் செய்தது அது. ஆகவே என் தீர்ப்பு கொரோலாவுக்கே. பூவின் இதழ்ச் சுற்றுக்கு, பள்ளிக்கூடத்தில் நாம் அல்லிவட்டம் என்று படித்தோமே, அதற்கு ஆங்கிலப் பெயரும் கொரோலாதான்!

டீயும் வடையும் வந்தன. பார்சல் ஆபீஸ் பெரியவர் மட்டும், அப்பீல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பிட்டர் நண்பர் மறுநாள் சிவாஜி நகர் கடையில் கொரோலா பொம்மை கேட்டாராம். "அதை யார் சார் கேட்கிறார்கள்? பந்தயக் கார்தான் போகும்" என்றாராம் கடைக்காரர்.

டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். மறுநாள் காலை அவருக்கு ஏர்போர்ட் சவாரி இருந்தது.